நாப்பத்தஞ்சும் அவர் வேனும்

திவாலான பிறகும் "ஐயா, என்னைக் கடன்காரனாகவே இருக்க விடுங்கள்" என்று நீதிபதியிடம் கெஞ்சிய மனிதர் அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் இருப்பார். அவர் ரிச்சர்ட்சனில் எங்கள் அபார்ட்மென்ட்டில், என் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தார். அவரை நாங்கள் நாப்பத்தஞ்சு என்போம். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கோர்ட்டில் கூப்பிட்டபோதுதான் நானே முதல் தடவை கேட்டேன். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் திரும்பிப் பார்த்தார்.

எழுபது மைல் வேகத்தில் எல்லோரும் பறக்கிற டெக்சாஸ் ஃப்ரீவேயில் அவர் நாற்பத்தைந்தைத் தாண்டமாட்டார். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "போங்க, போங்க" என்று வழி அனுப்புவார். ஒரு தடவை போலீஸ்காரர் துரத்தி வந்து நிறுத்தினார். வேகமாக ஓட்டியதற்கு இல்லை, மெதுவாக ஓட்டியதற்கு! நாப்பத்தஞ்சு அபராத டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "வெயில்ல நிக்கறீங்களே சார்" என்று அவருக்கு ஒரு பாட்டில் மோர் கொடுத்தார். போலீஸ்காரர் அதைக் குடித்தாரா என்று தெரியாது. டிக்கெட்டை வாபஸ் வாங்கவில்லை.

ஏர்போர்ட்டுக்கு அவர் வேனில் போவதென்றால் ஊருக்குப் போகிற சந்தோஷம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆனாலும் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவோம். காரணம், காசு வாங்கமாட்டார். பெட்ரோலுக்கு என்று நீட்டினால், "எதுக்கும்மா? நானும் அந்தப் பக்கம்தான் போறேன்" என்பார். விடிகாலை நாலு மணிக்கு ஏர்போர்ட் பக்கம் இவருக்கு என்ன வேலை? ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் காசு கொடுக்க வேண்டி வருமே! என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அவர் தோசைக்கடை போட்டார். சாம்பார் கேட்கக் கேட்க ஊற்றினார். நம் ஆட்கள் ஒரு காபி வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து கிரீன் கார்டு பேசினார்கள். கடை ஒன்றரை வருடத்தில் மூடியது. "அவருக்கு பிசினஸ் சென்ஸ் இல்ல" என்று அப்புறம் பேசியவர்களும் அதே மூன்று மணி நேர ஆட்கள்தான். நாங்கள் தின்றே மூடிய கடை அது. வேறு கதை சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

கடைக் கடன் கழுத்தை நெரித்து, அவர் இந்திய மளிகைக் கடை ஒன்றில் அரிசி மூட்டை அடுக்கும் வேலைக்குப் போய், கடைசியில் திவால் மனு போட்டார். எல்லாக் கடனும் கழுவிக்கொண்டு போகும் என்றார் வக்கீலம்மா. ஒன்றே ஒன்றுதான் பாக்கி, வேன். அது தவணையில் வாங்கியது. அதற்கு மூன்று வழி உண்டு என்று அந்த வெள்ளைக்காரம்மா விளக்கினார். வேனைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் கடனும் போகும். இல்லையென்றால் வேனின் இன்றைய விலையை ஒரே தடவையில் கட்டி மீட்கலாம். அதுவும் இல்லையென்றால், "இந்தக் கடன் மட்டும் திவாலுக்குப் பிறகும் என்னுடையது" என்று புதிதாகக் கையெழுத்துப் போட்டு வேனை வைத்துக்கொள்ளலாம். அப்படிப் போட்டபின் தவணை தவறினால் வேனும் போகும், மிச்சக் கடனும் தலையில் நிற்கும்.

"மூணாவதுதான்" என்றார் நாப்பத்தஞ்சு.

"வேண்டாம். உங்கள் சம்பளத்துக்கு அது தற்கொலை. நான் அதில் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் வக்கீலம்மா.

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவுரை கொட்டியது. "வேனை விட்டுத் தள்ளுங்க சார்." "லீஸ் எடுங்க சார், அதான் ஸ்மார்ட்." ஒரு மகான், "இதான் சான்ஸ், எலெக்ட்ரிக் கார் வாங்கிடுங்க" என்றார். திவாலான மனிதரிடம்! நான் அந்த ஆளை என்ன திட்டினேன் என்பதை இந்தப் பத்திரிகை போடாது.

"ஒண்டி ஆளுக்கு எதுக்குண்ணா ஏழு பேர் வேன்? சின்னதா பழைய கார் ஒண்ணு பாருங்களேன்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"பாக்கலாம்மா" என்றார். அவர் அகராதியில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

சரி, மனிதருக்கு வேன் மேல் பைத்தியம் என்றுதான் முடிவு கட்டினோம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனம், குங்குமம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். நடு சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு நீளப் பலகையைப் போட்டு வைத்திருந்தார். கேட்டரிங் அண்டா ஏற்றுவதற்காக இருக்கும், கடை போன பிறகும் எடுக்க மனசு வரவில்லை என்று நினைத்தோம்.

மனு போட்டதும் அவருக்கு இன்னொரு பயம் பிடித்தது. கடன் கொடுத்தவர்கள் இழுவை லாரியோடு வந்து வேனைத் தூக்கிப் போவார்களாம். மனு நிலுவையில் இருக்கும்போது கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்று வக்கீலம்மா எழுதியே கொடுத்திருந்தார்.

"சட்டம் வக்கீலுக்குத் தெரியும். லாரிக்காரனுக்குத் தெரியுமாம்மா?"

அந்த அபார்ட்மென்ட்டில் கராஜுக்குத் தனி வாடகை. அதைக் கொடுத்து வைத்திருந்தவள் நான். வேன் என் கராஜுக்குள் போனது, என் கார் வெளியே வந்தது. அந்த வாரம் பார்த்து எலுமிச்சம்பழம் சைஸில் ஆலங்கட்டி மழை! என் காரின் கூரை பணியாரக்கல் மாதிரி ஆகிவிட்டது. கத்தினேன். அவர் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லவேளைம்மா, வேன் உள்ள இருந்துச்சு" என்றார். அந்த மனிதர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றால் என் பொறுமைதான் காரணம்.

கோர்ட்டுக்கும் வேனில் வரமாட்டேன் என்றுவிட்டார். பார்க்கிங்கிலேயே பறிமுதல் செய்வார்கள் என்ற சந்தேகம். வக்கீல் கையெழுத்துப் போடாததால் நீதிபதி நேரில் விசாரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பணியாரக்கல் காரில் நான்தான் கூட்டிப் போனேன்.

நீதிபதி காகிதத்தைப் புரட்டினார். வாடகை, சாப்பாடு போக உங்களுக்கு மிஞ்சுவது தவணையில் பாதிகூட இல்லையே, எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டார்.

"சண்டே ஆல்சோ ஐ வில் ஒர்க், சார்."

"சின்னக் காராக வாங்கிக்கொள்ளலாமே?"

"ஸ்மால் கார் நாட் பாசிபிள், சார். வீல்சேர் வில் நாட் கோ."

நான் பின் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்ன வீல்சேர்?

"யாருடைய வீல்சேர்?"

"சாமுவேல் அங்கிள், சார். கிட்னி ப்ராப்ளம். ட்யூஸ்டே, தர்ஸ்டே, சாட்டர்டே டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வண்டி ஒன் டே கமிங், டூ டேஸ் நாட் கமிங். டயாலிசிஸ் கெனாட் வெயிட், சார்."

"அவர் உங்கள் உறவினரா?"

"நோ, நோ சார். ஹி இஸ் நாகர்கோவில். ஐ ஆம் கரூர்."

இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்பது போல நின்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாமுவேல் அங்கிள் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். "அங்கிள், ஹெல்த் எப்படி இருக்கு?" என்று தூரத்திலிருந்தே கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்தப் பலகைகள் எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நீதிபதி மெதுவாகவே சொன்னார். நீங்கள் இந்தக் கடனில் மறுபடி மாட்டிக்கொள்ள நான் அனுமதிக்க முடியாது. ஒப்பந்தம் நிராகரிக்கப்படுகிறது.

நாப்பத்தஞ்சு கை கூப்பிவிட்டார். "சார், ஒன் சிக்னேச்சர் ஒன்லி, சார். ஐ வில் பே, சார். ப்ளீஸ்."

அந்த மண்டபத்தில் அன்று உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கடனிலிருந்து தப்பிக்க வந்தவர்கள். எல்லோரும் வாயைப் பிளந்து இவரைப் பார்த்தார்கள். வக்கீலம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, நீங்கள் உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள், இனி தவணை கட்டுகிறவரை வேனை எடுக்கமாட்டார்கள், கட்ட முடியாத அன்று சாவியைக் கொடுத்தால் ஒரு பைசா பாக்கி வராது என்று காதில் ஓதினார். அவர் கேட்டால்தானே! என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று தமிழிலேயே கத்தினேன்.

"அண்ணா! ஜெயிச்சுட்டீங்க, வாயை மூடிட்டு வாங்க!"

காவலர் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன்.

காரில் வரும்போது அவருக்கு மனசே ஆறவில்லை. "கையெழுத்து இல்லாம கட்டினா நல்லாவாம்மா இருக்கும்? என்னமோ நான் அவங்களுக்கு மொய் எழுதற மாதிரி..."

"எழுதுங்க. ஊருக்கெல்லாம் எழுதினீங்களே."

எழுதினார். ஞாயிற்றுக்கிழமையும் மூட்டை தூக்கி, பதினாலு மாதம் ஒரு தவணை தவறாமல் கட்டினார். அதன் பிறகு சாமுவேல் அங்கிளின் மகன் கலிஃபோர்னியாவில் டப்ளின் என்கிற ஊரில் வீடு வாங்கி அப்பாவைக் கூட்டிப்போனான். ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டதும் நாப்பத்தஞ்சுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிந்ததும் அவர் வேனைக் கழுவித் துடைத்து, பெட்ரோல் டாங்க்கை நிரப்பி, நேராகக் கடன் கொடுத்தவர்களிடம் ஓட்டிப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டார். ஒளித்து வைக்கிற வண்டியைத் தேடிப் பிடித்தே பழகிய அந்த ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லையாம்.

திரும்பி எப்படி வருவது என்று அவர் யோசிக்கவே இல்லை. மூன்று மணி நேரம் நடந்து வந்திருக்கிறார். நான் வாசலில் பிடித்துக்கொண்டேன்.

"அறிவிருக்காண்ணா? எதுக்குக் கொடுத்தீங்க?"

"எனக்கு ஒருத்தனுக்கு எதுக்கும்மா அவ்ளோ பெரிய வண்டி?"

"ஃபுல் டாங்க் வேறயா?"

"காலியா குடுத்தா நல்லாருக்காதும்மா."

"சரி, எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாது?"

"உனக்கு எதுக்கும்மா சிரமம்..."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். இரண்டு குதிகாலும் கொப்பளித்திருந்தன. மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தேன். இன்றுவரை அடித்துக்கொண்டிருக்கிறேன்.