கீழே தள்ளினால் கன்னியாகுமரி

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை செழியன் அவர்களுக்கு, தாயில்பட்டி மாமன் பெத்தணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். கடைக்குத்தான் சுகமில்லை. போனில் சொன்னால் "ரிஃப்ரெஷ் பண்ணுங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள், ஆகையால் தபால்.

நம் பட்டாசுக் கடைக்கு நீங்கள் செய்து கொடுத்த வெப்சைட்டை ஊரே மெச்சுகிறது, முக்கியமாக அந்த மேப்பை. உங்கள் கம்ப்யூட்டரில் கல்யாணப் பந்தல் அகலத்துக்குத் தெரிந்ததாமே, செல்போனில் தீப்பெட்டி லேபிள் அளவுக்குத் தெரிகிறது. பெரிதாக்கலாமென்று விரலை வைத்தால் கடை நகர்ந்து வைப்பாற்றுக்குள் இறங்கிவிடுகிறது. சரி, போன் போட்டு வழி கேட்கலாமென்றால் நம்பரை மேப்புக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள். தள்ளினால் பக்கம் நகராது, மேப்தான் நகரும். தள்ளத் தள்ளக் கோவில்பட்டி வருகிறது, கன்னியாகுமரி வருகிறது, அப்புறம் கடல்தான். நம்பர் வரவில்லை.

மதுரையிலிருந்து வந்த ஒரு வாத்தியார் வெம்பக்கோட்டை அணைக்கரையில் நின்றாராம். இன்னொருவர் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலுக்கே போய்விட்டார். வாட்ச்மேன் சங்கையா, "செல்லு உள்ள கொண்டு போகக் கூடாது, இங்கன வச்சிட்டுப் போங்க" என்று வாங்கி வைத்துக்கொள்ள, இருந்த மேப்பும் போயிற்று. உள்ளே போர்மேன் அவரை வேலை கேட்டு வந்தவரென்று நினைத்து, "எம்புட்டு வருச அனுபவம்?" என்றிருக்கிறார். "சின்னப் பிள்ளையிலிருந்து வெடிக்கேன்" என்றாராம் பாவம்.

தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. உங்கள் அத்தை ராக்காயி இருபது வருடம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைத்தவள். அந்தக் கை இனிமேல் மருந்தைத் தொடக்கூடாது என்றுதான் கடையே போட்டேன். நேற்று, "யாவாரம் ஆகலைன்னா நான் பழையபடி கம்பெனிக்கே போறேன்" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை, இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பரை மேலே தூக்கி வைத்து, மேப்புக்குப் பதில் 'தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே' என்று எழுதிவிடுங்கள், போதும்.

உங்களுக்கும் என் மகள் அழகுமீனாவுக்கும் குலசாமி துணையிருக்கட்டும். உங்கள் தொழில் மேலும் மேலும் ஓங்கட்டும், வேறு மாவட்டங்களில்.

இப்படிக்கு,
பெத்தணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ஒரு வேன் வந்து நின்றது. ராஜபாளையத்துக்காரர்கள். நம்மைத் தேடி அல்ல, மெயின் ரோட்டுப் பெரிய கடையைத் தேடிக் கிளம்பி, அதன் வெப்சைட்டைப் பார்த்து வழி தவறியவர்கள். "நம்பரப் பாக்கணும்னு தள்ளுனா மேப்பு ஓடுது அண்ணாச்சி, இனி அலைய முடியாது, இங்கனயே குடுங்க" என்றார் டிரைவர். பின்னாலேயே இன்னும் இரண்டு வேன். உங்கள் அத்தை அவர்களுக்குப் பட்டாசுப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள், கம்பெனிப் பேச்சே இல்லை. அந்த வெப்சைட்டின் உச்சியில் 'வடிவமைப்பு: செழியன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மேலே எழுதியதெல்லாம் வாபஸ். நம்முடையதைத் திருத்த அவசரமில்லை. அவர்களுடையதை மட்டும் யார் காலில் விழுந்தாலும் திருத்திவிடாதீர்கள்.