வானம் வழியாக வந்த ஆர்டர்

படித்தவனை வீட்டில் வைத்துக்கொள்வது ஆபத்து. வேலையில்லாத படித்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். எழுபதுகளில் அப்படி ஒருவன் பௌதிகப் பட்டத்தோடு திருப்பூரில் அக்கா வீட்டில் வந்து விழுந்தான். நான்தான் அவன். அக்காவின் கணவர், என் மாமா, சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். அந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. பாதி மெஷின்கள் சும்மா நின்றன.

நான் சும்மா நிற்கவில்லை, பேசிக்கொண்டிருந்தேன். வாசகசாலையில் படித்த செயற்கைக்கோள் நிறுவனத்தைப் பற்றித்தான் பேச்சு. பல நாடுகள் பங்கு போட்டு நடத்திய நிறுவனம் அது. முதலில் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஒரு கோளை நிறுத்தினார்கள். அப்புறம் பசிபிக்குக்கு மேலே. கடைசியில் நம் இந்து மகாசமுத்திரத்துக்கு மேலேயும் ஒன்று. உலகத்தையே வளைத்தாயிற்று. ஒவ்வொரு நாட்டின் டெலிபோன்காரர்களும் அதில் வாடகைக்கு இடம் பிடித்தார்கள்.

"லைன் ஊடு கட்டி வாடகைக்கு உடற மாதிரிங்களா மாப்ளே?" என்று கேட்டார் மாமா.

"அதேதானுங்க மாமா. ஆனா வானத்துல." அந்த லைன் வீடு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதையும், நம் குரல் அங்கே போய் இறங்கி, பதிலும் அதேபோல் போய் இறங்க அரை விநாடி பிடிக்கும் என்பதையும் விரலை மேலே காட்டி விளக்கினேன். (தட்டில் சோறு காய்ந்தது.)

அந்தச் சமயம் பம்பாய் ஏஜெண்ட் மூலமாக இத்தாலிக்காரர் ஒருவர் வெள்ளைப் பனியன் கேட்டார். எப்போது அனுப்ப முடியும் என்று போனில் பேசி முடிக்க வேண்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்தக் கோளு வழியா நீங்களே பேசீருங்க மாப்ளே," என்றார் மாமா. "மூணு மாசம் கேளுங்க. மழ முடிஞ்சாத்தான் துணி காயும். இது வந்துச்சுன்னா கம்பெனி நிக்குமுங்க. இல்லீன்னா மெஷினக் குடுத்துற வேண்டியதுதான்."

டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காலையிலிருந்து காத்துக் கிடந்தோம். சாயங்காலம் மணி அடித்ததும் மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். டெலிபோனுக்கு அத்தனை மரியாதை.

"மூன்று மாதம் வேண்டும்," என்றேன் ஆங்கிலத்தில்.

பதில் இல்லை.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் ஒருவரும் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடுவார்கள். நூல் கடையிலிருந்து சம்பந்தம் பேசும் வீடு வரை இதுதான் வழக்கம். எதிராளி மௌனமானால் நாம் இறங்கி வர வேண்டும்.

இறங்கினேன். "இரண்டு மாதம்?"

நான் சொல்லும்போதே காதில் ஒரு குரல் வந்து, என் குரலில் மோதி நசுங்கியது. மறுபடியும் மௌனம். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை விநாடியைப் பற்றி ஊருக்கே பாடம் நடத்தியவன், "ஒரு மாதம் போதும் சார்!" என்று கத்தினேன்.

அப்புறம்தான் இத்தாலிக்காரரின் பதில்கள் ஒவ்வொன்றாக வானத்திலிருந்து இறங்கின. இரண்டு மாதமா, ரொம்ப நல்லது. ஒரு மாதமா! அற்புதம்! நசுங்கிப்போன முதல் குரல் 'மூன்று மாதம் சரி' என்று சொல்லியிருந்தது எனக்கு உறைப்பதற்குள் லைன் போய்விட்டது.

"தந்தி அடிச்சு மாத்திச் சொல்லீரலாமுங்க மாமா," என்றேன்.

"வேண்டாமுங்க மாப்ளே. குடுத்த வாக்கு குடுத்ததுதான். மழ வராதுன்னு நெனச்சுக்குவோம்."

வந்தது. ஐப்பசி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. வெளுத்த துணியை நொய்யல் கரையில் வெயிலில் விரித்துத்தான் காயவைப்பார்கள். வெயிலுக்கு எங்கே போவது? வீட்டுக்குள் கயிறு கட்டினோம். தீபாவளியன்று ஈரத்துணியை விலக்கித்தான் முருகன் படத்தைக் கும்பிட்டோம். (அவருக்கும் சளி பிடித்திருக்கும்.) அரைகுறை ஈரத்தோடு தைத்துக் கப்பலேற்றினோம். போய்ச் சேர்ந்தபோது வெள்ளைப் பனியன் முழுக்கக் கரும்புள்ளி. இத்தாலிக்காரர் வாங்க மறுத்துவிட்டார்.

மாமா மெஷின்களை விற்றுவிட்டு இன்னொருவர் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகப் போனார். தன் பழைய கம்பெனி வாசலைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மௌனத்துக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்பதால், அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் செயற்கைக்கோள் நிறுவனம் மட்டும் பெரிது பெரிதாகப் புதிய கோள்களை ஏற்றிக்கொண்டே இருந்தது. நான் பத்திரிகையில் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

அக்காதான் அதைக் கிண்டலாக்கினாள். பதிலுக்கு யார் அவசரப்பட்டாலும் விரலை மேலே காட்டி, "பொறு கண்ணு, மேல போயிட்டு வரட்டும்," என்பாள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா யோசித்த நேரத்தில் நான் வாயைத் திறக்க, எங்கள் குடும்பம் மொத்தமும் விரலைத் தூக்கியது. அன்று மாமாவும் சிரித்தார்.

பல வருடம் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "மாமா, நானுங்க. கேக்குதுங்களா?" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விரலை மேலே காட்டினாள்.

"பொறு கண்ணு. மேல போயிட்டு வரட்டும்."

சாயங்காலம் வரை பொறுத்தோம். மேலே போனவர் திரும்பவில்லை.

இப்போது பேரப்பிள்ளைகள் அந்தக் கிண்டலைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள், விரலைத் தூக்குகிறாள். மேலே மட்டும் பார்ப்பதில்லை.