நோரீனை அலற வைப்பது

இந்த அக்டோபரில் எப்படியும் என் மனைவியை அலற வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தவறாக நினைக்க வேண்டாம். நான் சாது. பாத்திரம் கழுவுகிறவன். ஆனால் எங்கள் கார் ஷெட்டில் வருஷா வருஷம் நான் போடும் பேய் வீட்டுக்குள் நுழைந்து அலறாமல் வெளியே வந்த ஒரே உயிர் நோரீன்தான். பாதிரியார் அலறியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துப் பயிற்சியாளர், வாசல் இடிக்கிற உயரம், கெட்டில் கொதிக்கிற மாதிரி கீச்சிட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். எரிகிற வீட்டுக்குள் தயங்காமல் நுழையும் தீயணைப்புத் தலைவர், என் ரப்பர் பிணத்தைப் பார்த்துத் தன் அம்மாவைக் கூப்பிட்டார். நோரீன் மட்டும் கையில் ஆப்பிள் சாறு கோப்பையோடு உள்ளே போவாள். மளிகைக் கடையில் அலமாரி பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நடப்பாள். வெளியே வருவாள்.

“எப்படி?” என்பேன்.

“அந்த எலும்புக்கூட்டுக்குக் கடைவாய்ப் பல் ரெண்டு பக்கம் மாறி இருக்கு,” என்பாள்.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க நிஜமான பயத்தைப் பார்க்கிறவள். என் பயம் அவளுக்கு மட்டமான சரக்கு.

எங்கள் ஒஹையோவில் அக்டோபர் பேய்ப் பண்டிகை மாதம்; அது வந்தால் ஆண்கள் இரண்டு வகை. உதிர்ந்த இலையை வாருகிறவர்கள், பேய் வீடு கட்டுகிறவர்கள். எங்கள் வீட்டில் இலையை நோரீன் வாருகிறாள். நான் கார் ஷெட்டைக் கறுப்புத் துணியால் மூடி, பலகைச் சுவர்களால் வளைத்து வளைத்துப் பாதை அமைத்து, புகை எந்திரம் வைத்து, ஊரைக் கூப்பிடுகிறேன். நுழைவுக் கட்டணம் ஒரு டின் உணவு. பீன்ஸோ சோளமோ ஏதாவது. அது தேவாலயத்து ஏழைகள் அலமாரிக்குப் போகும். பாதி வழியில் ஒரு பக்கக் கதவு உண்டு. அதில் கோழிப் படம் வரைந்திருக்கும்; எங்கள் ஊரில் பயந்தாங்கொள்ளிக்குக் கோழி என்று பெயர். மேலே போகத் தைரியம் இல்லாதவர்கள் அதன் வழியாக வெளியேறலாம். வெளியேறினால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கோழி மாதிரி கொக்கரிப்பார்கள். ஒவ்வொரு பேய் வீட்டிலும் உள்ள ஏற்பாடுதான் இது.

பகலில் நான் காப்பீட்டு முகவர். அங்கேயும் பயமுறுத்துவதுதான் வேலை, கொஞ்சம் மரியாதையாக. ‘உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பம் என்ன செய்யும்?’ யாரும் அலறுவதில்லை. கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்.

பேய் வீட்டில் அப்படி இல்லை. மூடிப்போன கசாப்புக் கூடம், சோளக் கொல்லை, இடியப்போகிற தானியக் கொட்டகை என்று எங்கே பேய் வீடு போட்டாலும் வண்டி ஓட்டிக்கொண்டு போய்க் குளிரில் வரிசையில் நிற்பேன். ஏன் இப்படி அலைகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டது உண்டு. என் வயதில் வருகிற பயங்களுக்குக் கதவு கிடையாது. டாக்டர், ‘எதற்கும் இன்னொரு பரிசோதனை செய்துவிடலாம்’ என்கிறார். மகள் போன் செய்வதை நிறுத்துகிறாள். இவற்றுக்குள் நுழைந்தது எப்போது, வெளியேறுவது எங்கே, தெரிவதில்லை. பேய் வீட்டில் பயத்துக்கு ஒரு ஆரம்பம், ஒரு முடிவு, முடிவில் பச்சை விளக்கு. அதைத் தாண்டியதும் எல்லோரும் சிரிக்கிறார்கள். முன்பின் தெரியாதவன் இன்னும் உங்கள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பயந்து முடித்த மனிதர்களைப்போல் அன்பானவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நோரீன் என் சட்டைக் கையை ஒருநாளும் பிடித்ததில்லை. அவளைப் பயமுறுத்த வேண்டும் என்பது என் ஆசையா, அவளுக்கு நான் வேண்டியிருக்க வேண்டும் என்பதா? இந்தக் கேள்வியை நான் பாத்திரம் கழுவும்போது மட்டும் கேட்டுக்கொள்வேன்.

செப்டம்பரில் ஒரு காலை, முட்டையைத் தட்டில் போட்டுக்கொண்டே நோரீன் சொன்னாள்:

“டுவேன், இந்தக் குளிர்காலம் வண்டி உள்ளதான் நிக்கும்.”

“எதுக்குள்ள?”

“கார் ஷெட்டுக்குள்ள. காரை விடறதுக்குத்தான் அதைக் கட்டினாங்களாம். விசாரிச்சேன்.”

“அப்ப என் பேய்ங்க எங்க போகும்?”

“பேய்ங்கதானே? குளிராது. எனக்குக் குளிருது. விடிகாலைல நைட்டி மேல கோட்டைப் போட்டுக்கிட்டு, கண்ணாடில உறைஞ்ச பனியைச் சுரண்டிக்கிட்டு நிக்கறேன். அந்தக் கோலத்தைப் பார்க்க டின் வாங்கிட்டு ஆளை விடலாம்.”

ஷெட் போனால் அக்டோபர் போச்சு. அக்டோபர் போனால் நான் வெறும் காப்பீட்டு முகவர்.

“ஒரு பந்தயம்,” என்றேன். “இந்த வருஷம் நீ உள்ள வந்து அலறிட்டா ஷெட் எனக்கு. காலம் பூரா. நீ வாயே திறக்கக் கூடாது.”

“நீ அலறினா?”

“நானா!” சிரித்தேன். “நான் அலறினா வண்டிக்கு. ரெண்டு பேருமே அலறலேன்னா இப்ப இருக்கற மாதிரியே இருக்கும்.”

காப்பீட்டுப் பத்திரங்களின் பொடி எழுத்திலேயே வயதானவன் நான். கணக்கைப் பாருங்கள். ஜெயித்தால் ஷெட் எனக்கு. சும்மா இருந்தாலும் ஷெட் எனக்கு. தோற்க வேண்டுமென்றால் என் கையால் நானே கட்டிய பேய் வீட்டில் நானே அலற வேண்டும். நோரீன், “சரி,” என்று ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு லாயிடிடம் ஆலோசனைக்குப் போனேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். பயம் இல்லாத பிள்ளைகளை வாழ்நாள் முழுக்க ஏற்றி இறக்கியவன்.

“ஏம்ப்பா, நோரீனுக்கு எதைக் கண்டா பயம்?” என்றான்.

“தெரியலையே.”

“இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்க, தெரியாதா?”

“உன் பெண்டாட்டிக்கு எதைக் கண்டா பயம்?”

“பாம்பு. இடி. என் தம்பி.” ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அது என்னைக் குடைந்தது. அவளுக்குப் பிடித்த பை, பிடிக்காத அத்தை, செருப்பு அளவு எல்லாம் தெரியும். இது தெரியாது. பயப்படவில்லை என்றுதான் நினைத்தேனே தவிர, கேட்டதில்லை.

கேட்கவும் இல்லை. திட்டம் போட்டேன்.

வருஷா வருஷம் பேய் வீட்டுச் சவப்பெட்டிக்குள் படுத்திருப்பது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை லாயிட் படுப்பான், என் முகமூடியோடு. அவள் பெட்டியைப் பார்த்து, “எழுந்திரு டுவேன், முதுகு பிடிச்சுக்கும்,” என்பாள். லாயிட் எழுந்திருப்பான். அவள் சிரிப்பாள். சிரிக்கிறவள் காவல் இல்லாதவள். அந்த நொடியில், அவளுக்குப் பின்னால் பலகைச் சுவரின் இடுக்கிலிருந்து நான் பாய வேண்டும். அந்த இடுக்கை அவளுக்குத் தெரியாமல் கட்டினேன். ஒருவன் வயிற்றை எக்கினால் நிற்கலாம். இரண்டாவது ஆளுக்கு இடம் கிடையாது.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. இருட்டத் தொடங்கியதுமே வரிசை தெருமுனை வரை போய்விட்டது. பந்தய விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. நோரீனை முதலில் விட்டார்கள். நான் இடுக்கில் நின்றுகொண்டு கேட்டேன். பேய்க் குழந்தை அழுதது. நோரீன், “உச்சு, உச்சு,” என்றாள். ரத்தக் கை கூரையிலிருந்து விழுந்தது. “நகம் வெட்டணும்,” என்றாள். காலடி என் முன்னால் வந்து நின்றது. பெட்டிக்கு நேரே. எனக்கு இதயம் பலகையில் இடித்தது.

பலகைச் சந்து வழியாகப் பார்த்தேன்; அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, நான் இருந்த சுவரைத்தான் பார்த்தாள். பிறகு, நான் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னாள்:

“டுவேன். எனக்குப் பயமா இருக்கு.”

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. ஏனென்றால் நோரீன் பயப்பட மாட்டாள். நோரீன் பயந்தால், பயப்படும்படி ஏதோ ஒன்று உண்மையிலேயே இருக்கிறது.

“என்ன?” என்றேன் சுவருக்குள்ளிருந்து. பேய் பேசக் கூடாது என்ற விதியெல்லாம் மறந்துபோயிற்று. “என்னாச்சு நோரீன்?”

அவள் இன்னும் மெதுவாகக் கேட்டாள்:

“உன் தோள்கிட்ட நிக்கறது யாரு?”

அந்த அலறலைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். நான் சுவரோடு சேர்ந்து விழுந்தேன். எழுந்தேன். கைக்குக் கிடைத்த முதல் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தால் கதவில் கோழி. பாதிரியார்தான் முதலில் கொக்கரிக்க ஆரம்பித்தார். தெருவே சேர்ந்துகொண்டது.

நோரீன் நிதானமாகப் பச்சை விளக்கு வழியாக வெளியே வந்தாள். கோப்பையில் ஒரு சொட்டுச் சாறு சிந்தவில்லை. உள்ளேயிருந்து லாயிடின் குரல் மட்டும் வந்தது: “ஏம்ப்பா, நான் இப்ப எழுந்திருக்கணுமா?”

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம்.

“சுவருக்குள்ள இருக்கேன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“பக்கத்துலயே படுக்கறேன், உன் மூச்சு எனக்குத் தெரியாதா?”

“அந்தக் குரல்?”

“நாற்காலில உக்கார்றவங்க டாக்டரைப் பார்க்க மாட்டாங்க டுவேன். என் முகத்தைத்தான் பார்ப்பாங்க. என் முகத்துல பயம் தெரிஞ்சா அவ்வளவுதான், ஊசியே போட முடியாது. அதனால நான் காட்டறதே இல்ல. இன்னிக்குக் கொஞ்சம் காட்டிப் பார்த்தேன்.”

காட்டுவதில்லை என்றாள். இல்லை என்று சொல்லவில்லை. இத்தனை வருஷம் நான் தேடியது இந்தக் கதவுதானோ? பந்தயத்தில் தோற்றாலும் பரவாயில்லை, இதைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

“அப்ப நீ நிஜமாவே பயந்திருக்கியா நோரீன்? எனக்குத் தெரியாம?”

அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“பயந்தேன். இந்த மாசம் பூரா சரியாத் தூங்கல.”

“சொல்லவே இல்லையே. எதை நினைச்சு?” என்றேன்.

“நீ எங்க ஜெயிச்சுத் தொலைச்சிடுவியோன்னு. எழுந்திரு, சவப்பெட்டியோட அந்தப் பக்கத்தைப் பிடி. வண்டியை உள்ள விடணும்.”