டிராகனின் முட்டி வலி

இனிமேல் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் புத்தக விமர்சனம் எழுதுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல தெளிந்த புத்தியோடு தீர்மானம் எடுத்தேன்.

முகம் சுளிக்காதீர்கள். என் கஷ்டம் எனக்கு. எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஓர் இதழ் கொண்டுவருகிறது. அதில் ‘புதுக் கிரகம்’ என்ற பகுதி என்னுடையது. புதிதாக வருகிற விஞ்ஞானக் கதை, மாயாஜாலக் கதைகளையெல்லாம் தேடிப் பிடித்து, தேறுமா தேறாதா என்று நான்தான் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் ஆசையாகத்தான் படித்தேன். பிறகு புத்தகங்கள் கனத்துக்கொண்டே போயின. என் மூக்குக்கண்ணாடியும் கூடவே கனத்தது. இப்போதெல்லாம் ஐந்நூறு பக்கத்துக்குக் குறைந்து எந்த விண்கலமும் தரையிறங்குவதில்லை. நான் பத்தாம் பக்கத்திலேயே தரையிறங்கிக் குறட்டை விட்டுவிடுவேன்.

என் மனைவி அப்படியில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டவள். ஆனால் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு கிரகத்தைக் கடந்துவிடுவாள். தபாலில் வரும் புத்தகத்தை மூன்றாம் நாள் முடித்து என் மேசையில் வைத்துவிடுவாள்.

“கதை என்னம்மா?”

“படிங்க, தெரியும்.”

“சுருக்கமா சொல்லேன்.”

“நான் சொல்லி நீங்க எழுதினா ஊரை ஏமாத்தின மாதிரி ஆகாதா? பாவங்க!”

இப்படிப் பூட்டிய வாய் சாயங்காலம் ஆறரை மணிக்குத் தானாகத் திறக்கும். அது அவள் சாமி கும்பிடும் நேரம். கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாகத்தான் வேண்டுவாள். முதலில் வீட்டு ஆட்கள். மூத்தவளுக்கு இடமாற்றம் கிடைக்கணும், சின்னவன் நேரத்துக்குச் சாப்பிடணும். அந்த வரிசை முடிந்ததும் புத்தகத்து ஆட்கள். கதையில் யார் கஷ்டப்பட்டாலும் அவளுக்குப் பொறுக்காது.

“சாமி, அந்த விண்கலத்துல மாட்டிக்கிட்ட ஏழு பேரையும் காப்பாத்து. நாலு மணி நேரத்துக்குத்தான் காத்து இருக்காம். அந்த இயந்திர மனுஷனுக்கு ஆத்மா உண்டான்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். இருந்தா அவனையும் பாத்துக்கோ.”

அடுத்த அறையில் நான் பேனாவோடு இருப்பேன். வீட்டு வரிசை ஓடும்போது கண்ணாடி துடைப்பேன். விண்கலம் என்றதும் காது விறைக்கும். மூன்று மாதம், மூன்று விமர்சனம். ‘இயந்திரத்துக்கு ஆத்மா உண்டா என்ற கேள்வியே இந்நாவலின் உயிர்’ என்று எழுதியதைப் பார்த்து இதழாசிரியர் வீடு தேடி வந்து கைகுலுக்கினார்.

“சார், உங்களை மாதிரி ஊன்றிப் படிக்கிற ஆளே கிடையாது! புது டிராகன் நாவல் வந்திருக்கே, அதோட வெளியீட்டு விழாவுல நீங்கதான் பேசணும். எழுதினவங்களும் வராங்க. பேச்சு நல்லா அமைஞ்சா, இந்த வருஷப் பரிசுத் தேர்வுக்குழுத் தலைவர் நீங்கதான்.”

தலைவர்! இருபத்தேழு வருடம் அலுவலகத்தில் கடைசி மேசையில் உட்கார்ந்தவனுக்கு அது என்ன சொல் தெரியுமா?

புத்தகம் அறுநூற்று நாற்பது பக்கம். தலையணையைவிடச் சற்று உயரம். அவள் கையில் பவ்யமாகக் கொடுத்தேன்.

“ஏங்க, முட்டி வலிக்குது. டாக்டர்கிட்ட போய்ட்டு வரலாமா?”

“ம்.”

“போன வாரமும் ‘ம்’னுதான் சொன்னீங்க.”

“ம்.”

“கூரையில தீப்பிடிச்சிருக்கு.”

“ம்.”

தலைவர் பதவி வரும்போது மனிதனுக்கு ஆயிரம் யோசனை இருக்காதா?

விழாவுக்கு முந்தின நாள். ஆறரை மணி. கண்ணாடி துடைத்து முடித்தேன். புத்தகத்து ஆட்கள் வந்தார்கள்.

“சாமி, அந்த டிராகன் ராணியோட குஞ்சு நல்லபடியா வளரணும். அந்த இளவரசன் கத்தியோட மலையேறுறான், அவனுக்கு நல்ல புத்தியைக் குடு.” பெருமூச்சு விட்டாள். “அப்புறம், முட்டி வலியோட தினம் நாலு தடவை முப்பத்தெட்டுப் படி ஏறி இறங்குறாளே, அவளைப் பாரு. மூணு வாரமா அவ புருஷன்கிட்ட சொல்றா. ‘ம்’னு மட்டும்தான் சொல்றாரு. அவருக்குக் காதைத் திறந்துவிடு சாமி.”

பேனா பறந்தது. டிராகனுக்கு முட்டி வலி! என்ன கற்பனை! அதிலும் ஆண் டிராகனைக்கூட ‘சொல்றாரு’ என்று மரியாதையாகச் சொல்கிறாளே, என் மனைவியின் குணமே தனி என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் நாவலாசிரியை. மூன்றாவது வரிசையில் என் மனைவி, பக்கத்தில் எங்கள் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா. நான் மேடையில் முழங்கினேன்.

“முட்டி வலியோடு முப்பத்தெட்டுப் படி ஏறுகிறாள் ராணி! கணவனோ ‘ம்’ கொட்டுகிறான்! நெருப்பைக் கக்குகிறவன் கொடியவன் அல்ல. மனைவி பேச்சைக் காதில் வாங்காதவனே கொடியவன்! கல்நெஞ்சன்! அவனைப் போன்ற ஒரு ஜென்மத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பெண்கள் பக்கம் இரண்டு மடங்கு. என் மனைவியும் தட்டினாள். நாவலாசிரியை மட்டும் தன் புத்தகத்தைத் தானே பரபரவென்று புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

“ஐயா, அருமையா பேசினீங்க. ஒரே ஒரு சந்தேகம். என் டிராகனுக்குத்தான் றெக்கை இருக்கே, அது எதுக்குப் படி ஏறுது?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். “அது… வந்து… குறியீடு.”

“அவ புருஷன் முதல் பக்கத்துலயே செத்துட்டானே?”

“அதுக்கு முன்னாடி… ‘ம்’ சொல்லியிருக்கலாம் இல்லையா?”

தையல்கார அக்கா சத்தமாகவே கேட்டாள். “முப்பத்தெட்டுப் படி நம்ம மாடிக்குல்ல இருக்கு?”

அந்த வீட்டில் இருபது வருடமாக இருக்கிறேன். ஒரு நாளும் படியை எண்ணியதில்லை.

மண்டபமே என் மனைவியைத் திரும்பிப் பார்த்தது. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க புத்தகத்துல அது இல்ல. வீட்டு ஆளுங்களுக்கு வேண்டும்போது இவரு காதைத் திறக்கிறதே இல்ல. அதான் நேத்து நான் புத்தகத்து ஆளுங்க வரிசையில போய் நின்னுக்கிட்டேன். சாமிகிட்ட ஒரு வார்த்தை பொய் சொல்லல.” உட்காரப் போனவள், ஏதோ ஞாபகம் வந்து நிமிர்ந்தாள். “ஆனா ஒண்ணும்மா. இருநூத்திப் பத்தாம் பக்கத்துல அந்தக் குஞ்சு பொறந்துச்சே, கடைசி வரைக்கும் அதுக்குப் பேரே வைக்கலையே. யாருன்னு சொல்லி நான் வேண்டிக்கிறது?”

நாவலாசிரியை வாய்மேல் கைவைத்தார். “அய்யோ, ஆமா! யாருமே இதைக் கேட்கலையே!”

அவ்வளவுதான். தேர்வுக்குழுத் தலைவர் பதவி என்னைத் தாண்டி, மேடையிலிருந்து இறங்கி, நேரே மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டது. ‘புதுக் கிரக’மும் கூடவே போனது.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். முட்டியைத் தட்டிப் பார்த்தார். இரண்டு மாதம் ஒரு படிகூட அதிகமாக ஏறக்கூடாது என்றார்.

அன்று ஆறரை மணிக்கு நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, வீட்டு வரிசையை முதல் ஆளிலிருந்து கவனமாகக் கேட்டேன். மூத்தவள் வந்தாள். சின்னவன் வந்தான். என் பெயர் வரவில்லை. புத்தகத்து ஆட்கள் தொடங்கினார்கள்.

“சாமி, அந்த ஆண் டிராகனோட முட்டிக்கு நல்ல பலத்தைக் குடு. நாளையிலிருந்து அவருதான் தண்ணி கேன் தூக்கிட்டு மாடி ஏறப்போறாரு.”

“ம்,” என்றேன்.