முறுக்குத் தராசில் ஒரு ஹார்ட் டிஸ்க்

யாராவது என்னிடம் மரியாதையாகப் பேசினால் நான் முதலில் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இது பிறவிக் குணம். தாராவியில் முறுக்கு வியாபாரம் செய்கிறவனுக்கு இந்தக் குணம்தான் பாதி முதலீடு என்று ஒரு காலத்தில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். (மீதி முதலீடு மாமனாருடையது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

என் மனைவி செல்விக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கும் வேலை ஒன்று கிடைத்தது. குழந்தை பிறந்தபோது விட்ட வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் கேட்டு, வெறுத்துப்போன நேரத்தில் வந்தது. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். அன்றைக்குக் கம்ப்யூட்டரோடு தயாராக இல்லையென்றால் வேலை வேறொருவருக்கு என்று சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை இருவரும் மாஹிமில் நசீர் பாயின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். பாய் கடையநல்லூர்க்காரர். எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் என் சந்தேகம் இரட்டிப்பானது. அந்நியன் ஏமாற்றினால் சண்டை போடலாம். ஊர்க்காரன் ஏமாற்றினால் நலம் விசாரித்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

பாய் மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க். செங்கல்போல நல்ல கனம். இன்னொன்று புது மாதிரி, எஸ்.எஸ்.டி.யாம். கையில் வைத்ததே தெரியவில்லை.

"இதுல இடம் பாதிதான் அண்ணாச்சி. ஆனா நல்ல வேகம். அக்கா வேலைக்கு இதான் சரி."

"வெல?"

"இதுதான் கொஞ்சம் கூட."

எடை கம்மி, இடம் கம்மி, விலை மட்டும் அதிகம். இதைச் சொல்லும்போது மனுஷன் முகத்தில் துளிக் கூச்சம் இல்லை. போதாததற்கு டீ வேறு வரவழைத்தார். நான் தொடவில்லை. செல்வி இரண்டு டீயையும் குடித்துவிட்டு, "அந்தச் சின்னதையே போடுங்க பாய்" என்றாள்.

பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டரைப் பூட்டி முடிக்க மறுநாள் ஆகும் என்றார் பாய். அதற்குள் டிஸ்க்கை மாற்றிவிட்டால்?

"அது மட்டும் என்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு நானே கொண்டாறேன்" என்றேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் பார்வை அது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முறுக்கு நிறுக்கும் தராசில் அதை வைத்தேன். எங்கள் சின்னப் பாக்கெட்டை விட எடை குறைவு! காதருகே வைத்து ஆட்டினேன். சத்தமே இல்லை. ஸ்டிக்கரைக் கிழித்து, மூடி இடுக்கில் கத்தியை விட்டு நெம்பினேன். உள்ளே ஓர் ஓரமாக, பிஸ்கட் அளவில் ஒரு பச்சைத் தகடு. மற்ற இடமெல்லாம் காலி. ஏமாந்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்குக் கொஞ்சமும் வரவில்லை. நான் நினைத்தது சரியாகிவிட்டதே என்ற சந்தோஷத்தில் தூக்கமே பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை மச்சினன் முருகனைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன்.

"என்ன பாய், காத்த அடைச்சு விக்கியளோ?"

பாய் திறந்து கிடந்த கூட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே, தொறந்துட்டியளா? எல்லாமே உள்ள இப்படித்தான் அண்ணாச்சி இருக்கும். பழைய டிஸ்க் மாட்டுற இடத்துல பொருந்தணும்லா, அதான் கூட்டைப் பெருசாப் பண்ணுதாங்க."

"யாரு காதுல பூ சுத்துதிய?"

"உங்க முறுக்குப் பாக்கெட்டுல காத்து இல்லையா?"

"அது முறுக்கு உடையாம இருக்க!" என்று கத்தினேன். முருகன் என் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து பாய் பக்கம் போய் நின்றுகொண்டான்.

பாய் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். உயிர் இல்லை. என் கத்தி தகட்டைக் கீறியிருந்தது. ஸ்டிக்கர் கிழிந்ததால் வாரண்டியும் போச்சு. கடையில் வேறு இல்லை. நான் ஏங்கிய அந்தச் செங்கல்கூட முந்தின நாளே விற்றுப் போயிருந்தது. லேமிங்டன் ரோடு மொத்தக் கடையிலிருந்து புதிது வரவழைக்கத் திங்கள் மதியம் தாண்டிவிடும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது செல்வி கத்தவில்லை. "ஏங்க, எனக்கு வேல வேண்டாம்னு நேராவே சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவ்வளவு சின்னவனாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. வெட்கத்தை விட்டுப் பாய்க்குப் போன் செய்தேன்.

"காலைல அக்காவக் கடைக்குக் கூட்டிட்டு வாங்க. என் சிஸ்டத்துலயே வேல பாக்கட்டும்" என்றார் அவர். (இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று ஒரு நொடி யோசித்தேன். பிறவிக் குணம் என்றேனே.)

திங்கள் காலை செல்வி பாயின் கல்லாவில் உட்கார்ந்தாள். வீடியோவில் அவளுடைய மேனேஜர், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ் மேடம். வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிட்டு முதுகுக்குப் பின்னால் மவுஸும் கீபோர்டும் தொங்கினால் நன்றாகவா இருக்கும்? எனவே நான் ஒரு வெள்ளைப் போர்வையை இரண்டு கைகளாலும் உயரப் பிடித்து அவளுக்குப் பின்னால் சுவராக நின்றேன். வாடிக்கையாளர்களை வாசலிலேயே பாய் வாயில் விரல் வைத்து நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

"என்ன செல்வி, உங்காத்துச் சுவர் ஆடறது?" என்றார் மேடம்.

"பக்கத்துல ட்ரெயின் போகுது மேடம்."

"இவ்ளோ நேரமாவா?"

"கூட்ஸ், மேடம்."

வேலை நிலைத்தது. நிரந்தரமான பிறகுதான் செல்வி மேடத்திடம் உண்மையைச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. முருகன் இன்றைக்கும் போன் செய்தால், "சுவர் இருக்கா?" என்றுதான் கேட்கிறான்.

போன தீபாவளிக்கு மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை, நேராகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஆடினது இதுதானா?"

"இல்ல மேடம்" என்றாள் செல்வி. "அது உள்ள காபி போட்டுக்கிட்டு இருக்கு."