விடை நான்கு என்றால் நான்குதான்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் கணக்குகளின் விடைகளைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சிடலாம் என்று கண்டுபிடித்த அன்றுதான் அது நிம்மதியாகத் தூங்கியது. அந்த நிம்மதியைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வருவது எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறை. அதில் நான் மூத்த ஆசிரியன். இந்த 'மூத்த' என்பது என் தலைமுடியைப் பற்றிய தகவல் மட்டுமே.

எங்கள் முதலாண்டுப் பாடநூல் மிகப் பழையது. அட்டை போய்விட்டது, முன்னுரை போய்விட்டது, முதல் பாடமும் பாதி போய்விட்டது. விடைப் பக்கங்களுக்கு மட்டும் யாரோ புண்ணியவான் கண்ணாடித்தாள் ஒட்டி வைத்திருக்கிறார். அங்கே விடை உண்டு, வழி கிடையாது. வழி தெரியாத ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதே எங்கள் துறையின் கல்விக் கொள்கை.

சென்ற பருவத் தேர்வில் அந்த நூலிலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்தேன். இருபது மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தை நழுவவிட்டால் எத்தனை விநாடியில் தரையைத் தொடும்? கடைசிப் பக்கம் 'நான்கு' என்றது. வகுப்பே 'நான்கு' என்று எழுதியிருந்தது. வழியெல்லாம் எழுதித் தாளை வீணாக்காமல், நேரடியாக. எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். ஒருத்தி மட்டும் வரிவரியாகப் போட்டு 'இரண்டு' என்று முடித்திருந்தாள். ஆசிரியர் அறையில் அவளுக்குச் 'சந்தேகக்காரி' என்று பெயர். எதையும் மனப்பாடம் செய்யாமல் போட்டுப் பார்ப்பதால் அவளுக்குத் தேர்வில் நேரமே போதாது. சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அந்தக் குறியில்தான் அவள் தேர்ச்சி தவறியது.

விடைத்தாளும் கையுமாக வந்து நின்றாள்.

"எங்க தப்புன்னு சொல்லுங்க சார்."

"விடைலம்மா."

"அதுக்கு முந்தி எந்த வரில?"

"வரில எல்லாம் தப்பில்ல. விடைலதான் தப்பு."

"சார், பெயிலானா டயர் கடைல கல்லாவுல உக்காருன்னு அண்ணன் சொல்லிட்டான். இந்த ஒரு கணக்குதான் சார்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. விஷயத்தைத் துறைத்தலைவரிடம் கொண்டு போனேன். அவர் உடனே 'தீர்வு தேடும் குழு' ஒன்றை அமைத்தார். பழைய நூலின் கணக்குகளுக்கு வழியோடு கூடிய தீர்வுகள் உலகில் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துக் கொண்டுவருவது குழுவின் கடமை. தலைவர் அவர், உறுப்பினர் ஒளியியல் அம்மையார், தேடுபவன் நான்.

தேடினேன். நூலகத்தில் ஏணி போட்டுத் தேடினேன். பழைய புத்தகக் கடையில் தும்மிக்கொண்டே தேடினேன். வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, சாப்பாட்டையும் மறந்து தேடினேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒரு கணக்குக்கா இவ்வளவு அலைச்சல்? நீங்களே போட்டுப் பாக்கக்கூடாதா?"

"போட்டு வேற விடை வந்துட்டா?"

"வந்தா என்ன?"

"என்னவா? இத்தன வருஷமா நாலுன்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னா இதுதான்," என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். வெண்ணெய் கெட்டுப்போயிருக்குமோ என்பதுதான் என் பயமே.

கடைசியில் இணையத்தில் ஒரு மகானின் தீர்வு கிடைத்தது. 'காலத்தின் வர்க்கம் நான்கு. ஆகவே விடை நான்கு' என்று அழகாக முடித்திருந்தார். துள்ளிக் குதித்துக்கொண்டு போய்ச் சந்தேகக்காரியிடம் காட்டினேன்.

"சார், இவரு வர்க்கமூலம் எடுக்கவே இல்லையே?"

"எடுத்தா ரெண்டு ஆயிடும்மா. அதனாலதான் எடுக்கல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மேலதிகாரிகளிடம்கூட வாங்கியதில்லை. பிறகு மெல்லக் கேட்டாள்: "நம்ம கட்டடம் அந்த உசரம் இருக்கும் சார். மேலேர்ந்து ஒரு பந்தைப் போட்டுப் பாத்துடலாமா?"

யோசனை குழுவின் முன் வைக்கப்பட்டது. ஒளியியல் அம்மையார், "பந்து ஆய்வகப் பொருள் பட்டியல்ல இல்ல," என்றார். துறைத்தலைவர் தொலைநோக்கு உள்ளவர். "பந்து பாட்டுக்கு ரெண்டு விநாடில விழுந்து தொலைச்சா யாரு பொறுப்பு?" என்று கேட்டார். என்னைத்தான் பார்த்தார். பந்து கைவிடப்பட்டது, அதாவது யோசனை அளவில்.

பதிப்பகத்துக்கு எழுதுவது என்று முடிவாயிற்று. பதில் வருவதற்குள் பருவம் முடிந்து, முடிவுகள் ஒட்டப்பட்டு, அடுத்த பருவமும் தொடங்கிவிட்டது. வந்த பதில் இதுதான்: முந்தைய பதிப்பில் உயரம் எண்பது மீட்டர், மறுபதிப்பில் இருபதாகக் குறைத்தவர்கள் விடையை மாற்ற மறந்துவிட்டார்கள், சரியான விடை இரண்டு, வருந்துகிறோம்.

குழு அவசரமாகக் கூடியது. 'இனி விடை இரண்டு' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அயராது தேடியதற்காக எனக்குப் பாராட்டும் பதிவாயிற்று.

"அந்தப் பொண்ணோட மார்க்கு சார்?" என்று கேட்டேன்.

"அது எப்படி? அவ எழுதினப்போ விடை நாலுதானே?" என்றார் துறைத்தலைவர்.

நியாயத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாராட்டுப் பெற்ற வாய் அல்லவா, திறக்கவில்லை.

அன்று மாலையே அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். அண்ணன் வாசலில் வண்டியை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தான்.

"பதில் வந்திருச்சாமே சார். எவ்வளவு?"

"ரெண்டும்மா."

"சரி சார்," என்றாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் துறையின் சாதனையை இனியாவது உலகம் அறியட்டும். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஆள் கட்டடம் முழுக்க ஒருத்திதான் இருந்தாள். அவளை அன்று முறைப்படி, 'நடத்தை நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நான்தான் வெளியே அனுப்பினேன்.