லைன் அண்ணன் பெண் பார்க்கப் போன கதை

பினாங்குத் தீவில் லைன் அண்ணன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடிக்காத இடம் ஒன்று உண்டென்றால், அது கடலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுன் அடுக்குமாடியில் அவர் எனக்கு மேல் வீடு. தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வேலை. காரில் நாலைந்து போன்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஓட்டி, எங்கே லைன் இருக்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்று பார்ப்பார். வீடு திரும்பிய பிறகும் அந்த வேலை ஓயாது. கல்யாண வீட்டில் எல்லோரும் அட்சதை தூவக் கையை உயர்த்தினால், அவர் உயர்த்திய கையில் போன் இருக்கும். நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்த்து, "3ஜிய மூடிட்டாங்க, தெரியுமா? 5ஜி நல்லா வேகமா ஓடும்லா. ஆனா செவரு வந்தா தெணறும்" என்று ஆரம்பிப்பார். அந்த மனிதர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு இதுதான் காரணம். பெண் பார்க்கப் போன வீடுகளில் அவர் லைனைப் பார்த்தாரே தவிர, பெண்ணைப் பார்க்கவில்லை.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே நான் பொண்ணு தேட மாட்டேன்" என்று சொல்லி, அவருடைய அக்கா அவரைத் தீவின் மறுபக்கக் கிராமமான பாலிக் புலாவுக்குப் பெண் பார்க்க அனுப்பினார். காவலுக்கு நான்.

"போனைத் தொடவே மாட்டேன் தம்பி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பெண் தேநீர்த் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளையின் நாற்காலி காலி. வீட்டை ஒட்டிய டுரியான் பழத்தோப்பில் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "வேற யாரோ பொண்ணுகிட்ட பேசுறாரா?"

"இல்ல அங்கிள், லைன் பாக்குறாரு."

அது அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

பெண் தட்டை வைத்துவிட்டு நேராகத் தோப்புக்குள் நடந்தாள். பயந்துபோய் நானும் பின்னால் ஓடினேன்.

"அங்க கெடைக்காது. கோழிக்கூண்டு பக்கம் வாங்க" என்றாள் அவரிடம். "நான் போன்ல லைவ் போட்டு டுரியான் விக்கிறேன். மழ பேஞ்சா லைன் போயிருது. ஏன்?"

அண்ணனின் கை மெல்லக் கீழே இறங்கியது. இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான்.

"எலையெல்லாம் நனைஞ்சிருச்சுன்னா, அந்தத் தண்ணி சிக்னல உறிஞ்சிரும்."

"அப்ப எங்க கம்பத்துக்கு, இந்தக் கிராமம் முழுக்க லைன் வர, டவர எங்க வச்சா நல்லது?"

அவர் மலையைக் காட்டினார். அவள் மறுத்து வேறு பக்கம் காட்டினாள். அவர் யோசித்து, "ஆமாலா" என்றார். அவர் இன்னொருவர் சொன்னதை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

நான் வீட்டுக்குள் திரும்பியபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. "இது எப்ப தம்பி முடியும்?" என்றார் பெண்ணின் அப்பா.

"நாப்பது வருசப் பேச்சச் சேத்து வச்சிருக்காரு அங்கிள்."

அப்பா தோப்பைப் பார்த்தார். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பி, "சோறு கூடக் கொஞ்சம் போடு" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் சம்மதம் என்று தலையாட்டினாள். அந்த வீட்டில் முதலில் கண் கலங்கியது நான்தான்.